லேயிலிருந்து லாமாயுருவுக்குக் காரில் ஒரு நாள்: கடைசி ஊரை முதலில் பாருங்கள்

லடாக்குக்கு வருகிற நம்மூர்க்காரர்கள் விமானத்தை விட்டு இறங்கியதும் கேட்பது பாங்காங் ஏரியை. நான் முதலில் கூட்டிப்போவது பழைய புத்த மடாலயம் இருக்கிற லாமாயுருவுக்கு. எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலை லேயில், பள்ளி ஆசிரியை. கோடையில் அத்தை, சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அதில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு இந்த வழிதான் சரி என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உயரம்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாங்காங்குக்குப் போக சாங் லா, நுப்ராவுக்குப் போக கர்துங் லா என்று 5,300 மீட்டரைத் தாண்டுகிற கணவாய்களில் ஏறி இறங்க வேண்டும். லாமாயுரு சாலையில் அந்த வம்பு இல்லை. ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் மேற்கே, சிந்து நதியோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போகிறோம். கல்சே என்ற ஊரில் ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு வந்து, அதன்பிறகு மறுபடி ஏறி, லாமாயுருவில் லேயின் உயரத்துக்கே திரும்புகிறோம். ஒரு பக்கம் சுமார் 120 கிலோமீட்டர். இந்தியர்களுக்கு இந்தச் சாலைக்கு உள்வழி அனுமதிச் சீட்டு (இன்னர் லைன் பெர்மிட்) தேவையில்லை. ஆதார் போல ஏதாவது ஓர் அடையாள அட்டை பையில் இருந்தால் போதும்.

கிளம்புவதற்கு முன்னால்

விமானத்தில் வந்தவர்கள் முதல் இரண்டு நாள் லேயிலேயே சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் சும்மாதான். சாந்தி ஸ்தூபிப் படிக்கட்டில் ஏறிப் பார்ப்பது இதில் சேராது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். லேசான தலைவலி பலருக்கும் வந்து போகும். தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம், படுத்தால்கூட மூச்சு வாங்குவது என்றால் பயணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போட்டாரே என்று நீங்களும் போடாதீர்கள்.

வண்டிக்கு இரண்டு வழி. சொந்தக் காரில் வந்தவர்கள் தாராளமாக ஓட்டலாம். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு எடுத்து வந்தவர்களுக்குத்தான் சிக்கல். உள்ளூர் டாக்ஸி யூனியன்காரர்கள் அப்படிப்பட்ட வண்டிகளைச் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், நடுவழியில் நிறுத்துவார்கள். அவர்களோடு வாக்குவாதம் செய்து ஜெயித்த யாரையும் நான் பார்த்ததில்லை. அதனால் மற்றவர்களுக்கு லே டாக்ஸிதான். எந்த ஊருக்கு எவ்வளவு என்று யூனியன் அச்சடித்து வைத்திருக்கிறது, பேரம் அதிகம் நடக்காது. பேச வேண்டியது பாதையைப் பற்றி. முந்தின நாள் மாலையே டிரைவரிடம், "முதலில் நேராக லாமாயுரு, மற்றதெல்லாம் திரும்பும்போது" என்று சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். வழியில் பழைய புத்தக் கோயில்கள் இருக்கிற ஆல்ச்சிக்கு உள்ளே போகும் கிளைச் சாலையும் கட்டணத்தில் சேர்த்தியா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

நான் போவது என்னுடைய பழைய ஆல்ட்டோவில். இந்த உயரத்தில் டர்போ இல்லாத என்ஜின் மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும், அதனால் நாலு பேர் உட்கார்ந்தால் மேட்டில் முனகும். ஏசியை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் பொறுமையாக ஏற்றினால் ஏறிவிடும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று காலையில் அல்ல, முந்தின நாளே பாருங்கள். டேங்க்கை லேயிலேயே நிரப்புங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வேலை செய்யும், ஆனால் மலை இடுக்குகளில் அதுவும் போய்விடும். வரைபடத்தை போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். கோம்பாக்களில், அதாவது புத்த மடாலயங்களில், நுழைவுக் கட்டணம் சின்னத் தொகைதான், சில்லறை நோட்டாக வைத்திருங்கள். வெயில் குளிருக்குள் ஒளிந்திருக்கும் ஊர் இது. ஸ்வெட்டர் போட்டபடியே மூக்கு கறுத்துப்போகும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்கு வாசலின் எல்லாம் வேண்டும்.

சாப்பாட்டுக்கு நான் எடுப்பது புளியோதரையும் பெரிய பிளாஸ்கில் மிளகு ரசமும். இங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் சோறு விறைத்துக்கொண்டே நிற்கும். ஆனால் வறண்ட தொண்டைக்கு அந்தச் சுடு ரசம் செய்கிற உபகாரத்தை வேறெதுவும் செய்யாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் தனி.

காலை ஆறு மணிக்குச் சாவி

டாக்ஸிக்காரர்களின் வழக்கமான வரிசை இது: விமான நிலையம் பக்கத்து ராணுவ அருங்காட்சியகம், பத்தர் சாகிப் குருத்வாரா, காந்த மலை, நதிகள் கூடுமிடம், பாஸ்கோ, லிகிர், ஆல்ச்சி, கடைசியில் லாமாயுரு. பட்டியல் நீளமாக இருப்பதால் கொடுத்த காசுக்கு நிறையப் பார்த்த மாதிரி இருக்கும். நடப்பது வேறு. அரைமணி அரைமணியாக நின்று நின்று போனால் லாமாயுரு வர மூன்று மணியாகிவிடும். அதற்குள் எல்லோருக்கும் சோர்வு, புழுதிக்காற்று வேறு கிளம்பியிருக்கும். எதற்காக வந்தோமோ அங்கே பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

ஆறு மணிக்குக் கிளம்பி எங்கும் நிற்காமல் போனால் ஒன்பது, ஒன்பதரைக்குள் லாமாயுரு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காலையில் மேற்கே போகிறோம், மாலையில் கிழக்கே திரும்புகிறோம். இரண்டு வேளையும் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். ஓட்டுகிறவருக்குக் கண் கூசாது, எதிரே உள்ள மலையெல்லாம் வெளிச்சத்தில் துலங்கும். மதியம் கிளம்பினால் இது அப்படியே தலைகீழ்.

விமான நிலையத்தைத் தாண்டும்போது மேலே குன்றில் ஸ்பித்துக் கோம்பா தெரியும். ஓடுதளத்தைப் படம் எடுக்க வேண்டாம், அது ராணுவப் பகுதி. பிறகு நீண்ட நேர்ச்சாலை. எல்லைச் சாலை அமைப்பினர் எதுகை மோனையோடு எழுதி வைத்திருக்கிற எச்சரிக்கைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். நிம்மு தாண்டி, பாஸ்கோ தாண்டி, மேட்டு நிலம் ஒன்றில் ஏறி, சஸ்போலுக்கு இறங்குவீர்கள். ராணுவ லாரி வரிசை எதிரே வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஒன்றைத் தாண்டினால் இருபது இருக்கும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவது மலைச்சாலை முறை.

கல்சே கடைத்தெருவில் ஒரு டீ, கழிப்பறை. இங்கே நின்றே ஆக வேண்டும், இதற்கப்புறம் வசதி குறைவு. ஜூலை, ஆகஸ்டில் போனால் இந்தப் பக்கமெல்லாம் பாதாமிப் பழம், அதாவது ஆப்ரிகாட், பழுத்துக் கிடக்கும். கல்சேயைத் தாண்டிப் பாலத்தில் சிந்துவைக் கடந்ததும் நதி நம்மை விட்டுப் பிரிந்துவிடும். சாலை ஒரு குறுகலான இடுக்குக்குள் நுழைந்து வளைந்து வளைந்து ஏறும். தலை சுற்றுகிறவர்களைக் கல்சேயிலேயே முன் சீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

லாமாயுரு

கோம்பா வருவதற்குச் சற்று முன்னால், சாம்பல் மலைகளுக்கு நடுவே திடீரென்று வெளிர் மஞ்சளில் ஒரு பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும். மெழுகு உருகி உறைந்தது போல மடிப்பு மடிப்பாகக் களிமண். நிலவு நிலம் என்று சுற்றுலாக்காரர்கள் வைத்த பெயர். காலை வெயில் சாய்ந்து விழுகிறபோது ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனி நிழல் இருக்கும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். வண்டியை வளைவில் நிறுத்தாமல், ஒதுக்குப்புறம் பார்த்து நிறுத்துங்கள்.

இது ஒரு காலத்தில் ஏரி. ஏரியின் அடியில் படிந்த வண்டல்தான் நீர் வடிந்தபின் காற்றும் மழையும் அரித்து இப்படி நிற்கிறது. நிலவியல்காரர்கள் சொல்வது இது. கோம்பாவில் சொல்லும் கதையிலும் இங்கே ஏரிதான் இருந்தது. அந்தக் கதையில் ஒரு துறவி வந்து நீரை வடியச் செய்கிறார். இரண்டு தரப்பும் ஏரி விஷயத்தில் ஒத்துப்போவது எனக்குப் பிடிக்கும்.

வண்டி கோம்பாவின் அருகிலேயே போய்விடும். மேலே கொஞ்சம் நடை, கொஞ்சம் படி. திக்சே கோம்பாவில் போல மூச்சு வாங்க ஏற வேண்டியதில்லை, முழங்கால் வலிக்காரர்களும் வரலாம். ஆனாலும் பத்து அடிக்கு ஒருமுறை நிற்கச் சொல்லுங்கள். லாமாக்களைப் பார்த்தால் "ஜூலே" என்று கும்பிடுங்கள். வணக்கம், நன்றி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல் போதும். ஸ்தூபியையும் மந்திரம் செதுக்கிய மணிக் கற்களை அடுக்கிய சுவரையும் நம் கோயில் பிரதட்சிணம் போலவே வலப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். ஜபச் சக்கரத்தைச் சுற்றுவதும் அதே திசையில்தான். இதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, கால் தானாகவே அப்படித் திரும்பும். சொல்லித்தர வேண்டியது வேறு: தூணையோ சுவரோவியத்தையோ தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாதீர்கள், குங்குமம் வைக்காதீர்கள். செருப்பும் தொப்பியும் வெளியே. உட்காரும்போது காலைச் சிலைப் பக்கம் நீட்டாதீர்கள்.

லாமாயுரு திரிகுங் காக்யூ என்ற திபெத்திய பௌத்தப் பிரிவினருடையது. பெரிய பிரார்த்தனைக் கூடத்தின் பக்கச் சுவரில் சின்னக் குகை ஒன்று உண்டு. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். 11-ஆம் நூற்றாண்டில் நரோபா என்ற இந்திய பௌத்த சித்தர் அதில் தியானம் செய்தார் என்பது மரபு. கூட்டத்தின் பின்னால் நின்றால் அது இருப்பதே தெரியாது, கேட்டுப் பாருங்கள். நரோபா பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் ஆல்ச்சியில் தேவைப்படும்.

அதைவிடப் பழைய கோயில் ஒன்று வளாகத்தின் கீழ்ப்பக்கம் இருக்கிறது, செங்கே லாகாங் என்று பெயர். ரின்சென் சாங்போ என்ற திபெத்தியத் துறவி கட்டிய ஐந்து கோயில்களில் மிஞ்சியது இது என்று சொல்கிறார்கள். அவருடைய காலம் 958 முதல் 1055 வரை. ராஜராஜன் தஞ்சையில் பெரிய கோயிலை முடித்தது 1010. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அங்க கல்லு, இங்க மண்ணு, ஆனா ஆள் ஒரே வேகம்" என்றார். பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஒரு லாமாவிடம் சாவி கேட்டால் சாதாரணமாகத் திறந்து காட்டுவார். அவசரப்படுத்தினால் சாவி கிடைக்காது.

இங்கே இரண்டு மணிநேரம் கொடுங்கள். மேல் மாடியிலிருந்து கீழே பார்த்தால் ஊர், வாற்கோதுமை வயல், அதற்கப்பால் அந்த மஞ்சள் பள்ளம். சிலர் இங்கிருந்து இன்னும் மேலே ஃபோட்டு லா கணவாய்க்குப் போகலாமே என்பார்கள். அது 4,108 மீட்டர், ஸ்ரீநகர் - லே சாலையின் உச்சி. இளவட்டங்கள் போகட்டும். முதல் வாரத்தில் இருக்கிற பெரியவர்களை இழுத்துக்கொண்டு போக நான் சம்மதிக்க மாட்டேன்.

இங்கே பழைய கழிப்பறைகள் லடாக்கி முறை. தரையில் ஓர் ஓட்டை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணைத்தான் தள்ள வேண்டும். தண்ணீர் அரிதான ஊரில் வேறு எப்படி இருக்க முடியும்? நாற்றமும் இல்லை. அத்தைமார்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அலறல் இருக்காது.

மதியம் ஆல்ச்சி

பதினொன்றரைக்குக் கிளம்பினால் கல்சே வழியாக ஒன்றரைக்குள் ஆல்ச்சி. சஸ்போல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வலப்பக்கம் சிந்துவைக் கடக்கும் பாலத்தில் திரும்ப வேண்டும். ஆல்ச்சிக் கோயில்களை மதியம் ஒரு மணிநேரம் பூட்டி வைப்பது வழக்கம், அந்த நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். எங்கள் புளியோதரை ஏதாவது ஒரு பாதாமி மரத்து நிழலில் தீர்ந்துவிடும். கட்டிக்கொண்டு வராதவர்கள் ஊருக்குள் சின்ன உணவகங்களில் துக்பா கேட்கலாம். சூடான நூடுல்ஸ் சூப், காரம் கம்மி. வெண்ணெய் டீ உப்பாக இருக்கும். டீ என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, சூப் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும்.

மற்ற கோம்பாக்கள் குன்றின் மேல் இருக்க, ஆல்ச்சி மட்டும் தரையோடு தரையாக, மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் மண் வீடு. "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாமல் சும்ட்செக் என்கிற மூன்றடுக்குக் கோயிலுக்குள் அழைத்துப் போய்விடுங்கள். வாசல் மிகத் தாழ்வு, தலையைக் குனியச் சொல்லுங்கள்.

உள்ளே இருட்டு. கண் பழக இரண்டு நிமிஷமாகும். அதற்குள் வெளியே வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு மூன்று பக்க மாடங்களிலும் சுமார் நாலு மீட்டர் உயரமுள்ள மூன்று போதிசத்துவர்கள் தெரிவார்கள்: அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ. அவர்களுடைய தலை மேல்தளத்தில் இருக்கும், அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே ஏற அனுமதி இல்லை. நான் முதலில் பார்க்கச் சொல்வது முகத்தை அல்ல, வேட்டியை. அவலோகிதேஸ்வரரின் வேட்டியில் கோயில்கள், மாளிகைகள், குதிரை மேல் ஆட்கள் என்று அன்றைய காஷ்மீரம். மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 மகாசித்தர்கள். நமக்குப் பதினெண் சித்தர், இவர்களுக்கு எண்பத்து நான்கு. காலையில் குகையில் பார்த்தோமே, அந்த நரோபாவும் இந்த எண்பத்து நான்கில் ஒருவர். லாமாயுருவை முன்னால் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஓவியங்களின் வயதைப் பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் கடைசி என்பாரும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பாரும் இருக்கிறார்கள். உள்ளே படம் எடுக்கத் தடை. போனை வெளியே எடுக்காதீர்கள், லாமாவின் முகம் மாறிவிடும். சிறிய டார்ச்சைக் கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

பக்கத்திலேயே துகாங் என்ற கூடம் இருக்கிறது, சுவர் முழுக்க மண்டலங்கள் என்கிற வட்ட வட்டமான தெய்வச் சித்திரங்கள். இதை முடிக்கும்போது பெரியவர்களுக்குக் கால் கடுக்கும். வெளியே கடை போட்டிருக்கும் பெண்களிடம் உலர்ந்த பாதாமி வாங்கலாம். கொட்டையைத் தூக்கி எறியாமல் உடைத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் பருப்பு சிலவற்றில் இனிக்கும். கசந்தால் துப்பிவிடுங்கள், கசப்புப் பருப்பைத் தின்னக் கூடாது.

திரும்பும் வழி

மூன்றரை, நாலுக்குள் கிளம்பிவிடுங்கள். லிகிரில் வெட்டவெளியில் 23 மீட்டர் உயர மைத்ரேயர் சிலை உண்டு, 1999-இல் முடித்தது. குழந்தைகள் கூட இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பாஸ்கோவின் இடிந்த கோட்டையைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்றாவது கோம்பாவுக்குள் நுழைகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை, செருப்பைக் கழற்றி மாட்டுவதோடு சரி.

நிம்முவைத் தாண்டி மேடேறும்போது கீழே ஜன்ஸ்கார் நதி சிந்துவில் சேரும் இடம் தெரியும். கோடையில் இரண்டும் இரண்டு நிறம், கோடு போட்ட மாதிரி சேரும். ஒன்று சேறு, ஒன்று பச்சை. எது எந்த நிறம் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். மேலே சாலையோரத்திலிருந்து பார்ப்பதே அழகு. கீழே இறங்கினால் புழுதிக்காற்று. இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்.

காந்த மலையில் காந்தம் கிடையாது. சுற்றியுள்ள சரிவுகள் கண்ணை ஏமாற்றுவதால் இறக்கம் ஏற்றம் போலத் தெரிகிறது. கியரை நியூட்ரலில் போட்டால் வண்டி தானாக உருளும், அவ்வளவுதான். நெடுஞ்சாலை நடுவில் இந்த வித்தை காட்டுகிறவர்களைப் பார்த்து ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்துவிடுங்கள்.

கடைசி நிறுத்தம் பத்தர் சாகிப் குருத்வாரா. ராணுவம் பராமரிக்கிறது. தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தால் சூடாக டீ கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். குடித்த டம்ளரை நாமே கழுவி வைக்க வேண்டும். அங்கிருந்து லே 25 கிலோமீட்டர்தான். ஜூனில் ஏழரை மணி வரை வெளிச்சம் இருக்கும், செப்டம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும், அதற்குத் தகுந்தபடி ஆல்ச்சியில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரவு லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை தலைவலி இல்லை, பசி எடுக்கிறது என்றால் கர்துங் லாவைப் பற்றி அப்போது பேசலாம்.